நாலாவது கீறல்

பொய்ப்பல் செய்கிறவள் நான்.
பிளாஸ்டிக்கின் குணம் கொஞ்சம் தெரியும்:
சூடு கண்டால் சோரும்,
தேத்தண்ணிக் கறையை மறக்காது.

அதை யாரோ சொல்லித்தான்
ஒரு சனிக்கிழமை, டியூட்டி முடிகிற நேரம் பார்த்து
ஆஸ்பத்திரிப் பின்வாசலால் வந்தார்
பாலையூற்று மெக்கானிக் றொனால்ட் பார்த்தலட்,
பால்மா டின்னுக்குள்
பழைய பனியன் சுற்றிய பொருளோடு.

ஒட்டி மூடிய கண்ணாடிப் பிளாஸ்டிக் கூடு.
உள்ளே தடித்த செம்புக்காசு,
அவசரத்தில் தட்டிய வடை மாதிரி வட்டம்.
ஒல்லாந்தர் இந்த ஊரில் அடித்ததாம்.
அதற்குச் சாட்சி ஒரே ஓர் எழுத்து.
"டீ. ட்ரிங்கோவின்ர டீ" என்றார்,
தன் பெயரின் முதலெழுத்தைக் காட்டுகிறவர் போல.

கடல் தாண்டிப் போய்
புள்ளி வாங்கி வந்திருக்கிறது காசு.
எழுபதுக்கு நாற்பது.
(என் மகனும் கணக்கில் நாற்பதுதான்,
நூற்றுக்கு.)

கொழும்பில் வாங்க இருக்கிறவர்
படத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு
ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்:
கீறல் மூடியிலா, காசிலா?

யன்னலடிக்குக் கொண்டுபோனேன்.
துறைமுகப் பக்கத்து வெயில், நாலு மணி.
காசில் பட்ட காயம் என்றால் காசோடு கிடக்கும்.
மூடியில் பட்டதற்கு நிழல் இருக்கும்;
சரித்தால் அந்த நிழல் செம்பின் மேல் நடக்கும்.
சரித்தேன்.
மூன்று கீறல் நடந்தன.
நாலாவது நடக்கவில்லை.

அது கீறலே இல்லை.
எழுத்துக்குக் குறுக்கே, அரை விரற்கடை நீளத்தில்
மூடிக்குள்ளே ஒரு முடி.
தமிழுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வரவில்லை.
கையுறையும் தொப்பியும் போட்டு ஒட்டுகிற இடமாம் அது.
யாருடையதோ. நரையோ, பொன்னிறமோ.
விசா இல்லாமல் திருகோணமலை வரைக்கும் வந்திருக்கிறது.

என் கையில் வாள் இருந்தது, சின்னது, பல் அறுக்கிறது.
அவர் அதைப் பார்த்தார்.
"உடைச்சா நாப்பது போயிரும், தங்கச்சி.
திருப்பி அனுப்பினா
காசை விடக் காசு."

வாளை வைத்துவிட்டு
தெரிந்த வேலையைச் செய்தேன்.
மோட்டர் போடவில்லை. ஈரத்துணி, பல் மினுக்குகிற பொடி,
கட்டைவிரல்.
முதலாவது பத்து நிமிடத்தில் போனது.
இரண்டாவதற்கு அரை மணி.
மூன்றாவது ஆழம். பாதியில் நிறுத்தினேன்.
இன்னும் தேய்த்தால் அந்த இடம் குழிந்து
உள்ளே எழுத்து வளைந்து தெரியும்;
இல்லாத குறையொன்று காசுக்கு வந்து சேரும்.

அப்போதுதான் கண்டேன்:
கூட்டுக்குள் காசு தளர்ந்து கிடக்கிறது.
அசைத்தால் கிலுக் என்கிறது.
அவர் வாங்கி, ஓரத்தில் நகத்தால் தட்டத் தட்ட
மெல்ல மெல்லச் சுழன்றது வட்டம்.
முடி அசையவில்லை.
எழுத்து அதன் அடியிலிருந்து நழுவி
சுத்தமாக வெளியே வந்தது,
ஆனால் பக்கவாட்டில் விழுந்து,
அடிபட்ட விளக்குக் கம்பம் மாதிரி.

நிமிர்ந்தால் மேலே முடி.
சரிந்தால் முடி இல்லை.
கொழும்புக்கு எந்தப் படம்?

அரைக் கண்ணால் என்னைப் பார்த்தார்.
நான் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை.
பின்னால் நகம் தட்டுகிற சத்தம்,
நிற்கிறது, திரும்பத் தொடங்குகிறது.
பிறகு போனின் சின்ன 'கிளிக்'.

எட்டிப் பார்த்தேன்.
எழுத்து நேராக நின்றது,
குறுக்கே அந்த ஊர்பேர் தெரியாத முடியோடு.
கீழே ஒற்றை விரலால் அடித்திருந்தார்:
"கீறல் மூடியில. மயிர் உள்ளுக்க. காசு சுத்தம்.
விருப்பமெண்டா எடுங்கோ."

காசு தரப் பார்த்தார். வாங்கவில்லை.
பனியன், பால்மா டின், மோட்டர்சைக்கிள்.
வாசலில் லஞ்ச் சீற் மென்றுகொண்டிருந்த மான்
விலகாததால்
அவர்தான் சுற்றிப் போனார்.

தபாற்கந்தோர் வளைவில் ஒரு பள்ளம் இருக்கிறது.
அதில் இறங்கி ஏறுவதற்குள்
எழுத்து எப்படியும் சரிந்திருக்கும்.

நகக்கண்ணில் வெள்ளைப் பொடி இன்னும் போகவில்லை.
திங்கள் ஒன்பதுக்கு ஒருவர் வருகிறார்,
மேல்வரிசையில் நாலு பல்.