ஆறாவது சீட்டு

ஜெரோன்ஸ் பிரித்த சீட்டில் ஆறு இருந்தது.
ஆறு அணிகளில் ஆறாவது.
முகம் தொங்கிப்போயிற்று அவனுக்கு.
பதறாதே என்றேன்.
இந்த வரிசை பாம்பு,
கோடிவரை போய் வளைந்து திரும்பும்.
வாலில் நிற்பவனுக்குத்தான்
அடுத்தடுத்து இரண்டு கொத்து.

ஜுபைலில், டயர் கடைக்கு மேல்மாடி மெஸ்ஸில்
வியாழன் இரவு ஆள் பிரிப்பு.
காசு கிடையாது,
பேர் சொல்லி எடுத்துக்கொள்வதுதான்.
எழுபத்தொரு பேர். ஐம்பத்துநாலு இடம்.
மிச்சக் கணக்கை யாரும்
வாய்விட்டுச் சொல்வதில்லை.

மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாய்
எக்செல்லில் உழுதிருந்தேன்.
எங்கே ஆடுவான், எந்தக் கால், எந்த ஷிப்ட்,
இக்காமா என்றைக்கு முடிகிறது,
ஊருக்கு எந்த மாதம் டிக்கெட்,
வீட்டில் பெண் பார்க்கிறார்களா.
பார்த்தால் இரண்டு புள்ளி குறைவு.

கோல் அடிப்பவன் மேல் முதலில் பாயாதே.
பாதிப் பேர் தன்னை ஃபார்வர்டு என்றே
எழுதிக் கொடுத்திருக்கிறான்.
குவிந்து கிடக்கிற சரக்குக்கு என்ன அவசரம்?
இடது கால் அப்படியல்ல.
மொத்தமே ஐந்து. அதில் இரண்டு பொய்.

நடுக்களத்துக்கு வெல்டரை நம்பாதே.
மார்ச்சில் ஷட்டவுன் வந்தால்
பன்னிரண்டு மணி நேரம் டேங்குக்குள் கிடப்பான்,
வெள்ளிக்கிழமை என்பதே மறந்துபோகும்.
இன்ஸ்ட்ருமென்ட் ஆள் எடு.
மீட்டர் பார்த்துப் பார்த்து
எதிலும் பதறாத கண் அவனுக்கு.

கோல்கீப்பருக்கு கிரேன் ஆபரேட்டர் குவாபெனா.
உயரத்திலிருந்து தூரம் அளக்கிறவன்.
ஆறுவரை அவன் மிஞ்சமாட்டான்,
அவன் போனால் குருங்.

பின்கட்டுக்குச் சாரம் கட்டுகிறவன்.
ஆனால் முப்பத்தைந்து தாண்டிய ஆளை
எந்தச் சுற்றிலும் தொடாதே.
இந்த வரியை மட்டும்
சிவப்பில் போட்டிருந்தேன்.

குவாபெனா நாலாவதில் போனான்.
எங்கள் முறைக்கு
இடது கால் ஷம்னாத், மூச்சு விடாமல் குருங்.
எகிப்துக்காரர்கள் மேசையில்
யாரோ நாக்கைக் கடித்துக்கொண்டான்.
ஜெரோன்ஸ் என் தொடையில் ஓங்கித் தட்டினான்,
இன்னும் வலிக்கிறது.

அப்புறம் எல்லாம் ஓட்டம்தான்.
ஐந்தாம் சுற்றில் சாரக்காரன் முருகராசு,
ஆறில் இரண்டு பேரை மாற்றி வாசித்துவிட்டேன்,
ஒரு பிளம்பர் எங்களுக்கு வந்துவிட்டான்.
நடுவில் கரன்ட் போய் வந்தது.
சமோசா தீர்ந்தது.

ஒன்பதாம் சுற்றில் பாம்பு எங்களிடம் வந்து நின்றது.
ராத்திரியின் கடைசிப் பேர் எங்களுடையது.
திரையில் பதினெட்டு வரிகள் மிச்சம்.
அதில் முப்பத்தெட்டாம் வரி:
மொகுதூம் நெய்னா. பின்கட்டு. வலது கால்.
பகல் ஷிப்ட். டிக்கெட் போடவில்லை.
வயது முப்பத்தொன்பது.
நான்.

ஜெரோன்ஸ் திரையைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தான்.
குருங்குக்கு ஒன்றுவிட்ட வாரம் நைட் ஷிப்ட்.
அந்த வாரம் கோலில் யார் நிற்பது?
சொல்லேன் என்றான் மெதுவாக,
எதைச் சொன்னாலும் எழுதுகிறேன் என்கிற மாதிரி.

இர்பாஸ் என்றேன். கோல்கீப்பர்.
வந்து இரண்டு மாதம். இருபத்திரண்டு வயது.
மூலையில் பையன் துள்ளியதில்
நாற்காலி சாய்ந்து விழுந்தது.

எல்லோரும் இறங்கிப் போன பின்
எடுபடாத பேர்களை அழித்துக்கொண்டிருந்தேன்.
ஒரு வரியை அழித்தால்
கீழே இருக்கிறவன் மேலேறி வந்துவிடுகிறான்.
எண்கள் தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன.
யாரோ இருந்த இடம் என்று
ஒரு கட்டமும் காலியாய் நிற்பதில்லை.
முப்பத்தெட்டை அழித்தேன்.
அங்கே உடனே ஒரு பெயின்டர் வந்து நின்றான்.

கன்ட்ரோல் இசட்.

படிக்கட்டிலிருந்து ஜெரோன்ஸ் கத்தினான்:
நாளைக்கு பிரியாணி எத்தனை சொல்ல?
அணிக்கு ஒன்பது பேர்.
பத்து என்றேன்.