புள்ளிக் கணக்கு

காலை எட்டு மணிக்கு மேகம் விலகினால்
சூரியன் என் மேசைக்கு வரும்.
குழாய் வழியாக இறங்கி
வெள்ளைத்தாளில் ஒரு தோசை அளவுக்கு
கொஞ்சம் நடுங்கியபடி உட்காரும்.
அதன்மேல் இருக்கும் கருப்பைப்
பென்சிலால் ஒற்றி எடுப்பது என் உத்தியோகம்.
பென்சில் மழுங்கினால் புள்ளி பெருத்துவிடும்.
சீவிக்கொண்டே இருக்க வேண்டும்.

கீழே ஏரிக்கரையில்
தம்பி இன்னாசி குதிரை நடத்துகிறான்.
முடி, புருவம், இமை எல்லாம் பால்சோளக் கதிரின் நார்.
வெயிலில் கண் கூசி
தலை ஒருபக்கம் சாயும்.
சென்னையிலிருந்து வருகிறவர்கள்
அவனிடம் இங்கிலீஷில் விலை கேட்கிறார்கள்.
'அரை ரவுண்டு இருநூறு' என்று
சுத்தமான பண்ணைக்காட்டுத் தமிழில்
அவன் சொல்லும்போது
எப்படி முழிப்பார்கள் என்று
வீட்டில் நடித்துக் காட்டுவான்.

அப்பாவும் அம்மாவும் அத்தைமகன், மாமன்மகள்.
நிறம் பூட்டியிருக்கும் பெட்டியைத் திறக்க
ஒரு சாவி போதுமாம்.
ஆளுக்கு ஒரு நல்ல சாவியும்
ஒரு வெறும் வளையமும் வைத்திருந்தார்கள்,
தெரியாமலே.
எனக்குச் சாவி வந்தது.
எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாது.
அவனுக்கு இரண்டு பக்கமும் வளையம்.
எட்டாம் மாதம் அம்மா பார்த்த கிரகணம்தான் காரணம் என்று
இன்னும் சொல்கிறவர்கள் உண்டு.
கிரகணத் தேதிகள் எங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன.
எடுத்துப் பார்த்தேன்.
அந்த வருடம் இங்கே கிரகணமே இல்லை.

போன மாசி மாதம்
அவன் காதுமடலில் ஆறாத ஒரு பொருக்கு.
மதுரையில் கடுகளவு சதை எடுத்துப்
பத்து நாள் காக்க வைத்தார்கள்.
'ஆரம்பம்தான், வெட்டி எடுத்தாயிற்று' என்ற டாக்டரம்மா
'குளிர்கிறது என்பதால் சுடவில்லை என்று அர்த்தமில்லை.
மேலே போகப் போக வடிகட்டும் காற்று குறைவு' என்றார்.
இதே வாக்கியத்தைப்
பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப்
பதினோரு வருடமாகச் சொல்லி வருகிறேன்,
குச்சியால் படத்தைத் தொட்டுக் காட்டி.
வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

முழுக்கை, காதை மூடும் அகலத் தொப்பி,
பத்திலிருந்து மூன்று வரை லாயத்து நிழல்.
பத்திலிருந்து மூன்று வரைதான் வியாபாரம் என்கிறான்.
மூடுபனி நாளில் தொப்பியைக் கழற்றி
மாட்டிவிடுகிறான் ஆணியில்.
பனிக்குள்ளும் அது வரும்டா என்றால்
'அக்கா, உன் ஆபீஸ் சூரியன் வேற, என் சூரியன் வேற.'

அறுநூற்றைம்பது ரூபாய்க் களிம்பு
ஒரே வாரத்தில் தீர்ந்துபோனது.
சண்டைக்குத் தயாராகத்தான் ஏரிக்குப் போனேன்.
ராணியின் மூஞ்சியில் தடவிக்கொண்டிருந்தான்.
அது வெள்ளைக் குதிரை.
மூக்கு மட்டும் ரோஜா நிறம்,
ஓரத்தில் தோல் உரிந்து.
'இதுக்கு எரியுது, சொல்லத் தெரியல' என்றான்.
அவன் மூக்கும் உரிந்துதான் இருந்தது.

பேசிப் பார்த்தேன்.
கடைசியில் இப்படி முடிந்தது:
ராணிக்கு எவ்வளவோ அவனுக்கும் அவ்வளவு,
முதலில் அவனுக்கு.
மத்தியானச் சவாரி மாமா மகன் பெஞ்சமினுக்கு,
வருமானத்தில் பாதி.
அந்தப் பாதிக்கு அவன் முறைத்ததை
நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சூரியன் தன்னைச் சுற்றி வர இருபத்தேழு நாள்.
வேறு கணக்கு எனக்கு நினைவில் நிற்காது.
இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை
ட்யூப்லைட்டுக்குக் கீழே அவனை உட்காரவைத்துச்
சட்டையைக் கழற்றச் சொல்கிறேன்.
நோட்டில் ஒரு முதுகு, இரண்டு காது, ஒரு பிடரி
வரைந்து வைத்திருக்கிறேன்.
ஸ்கேல் குளிர்ந்தால் கத்துவான்.

இன்று காலைத் தாளில் ஒன்றுமில்லை.
வெறும் வட்டம்.
பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது இரவு ஏழரை.
இடது தோள்பட்டைக்குக் கீழே
போனமுறை இல்லாத ஒன்று.
மூன்று மில்லிமீட்டர்.
'என்ன, நிறுத்திட்ட?' என்கிறான்
திரும்பாமல்.
இரு, பென்சில் சீவிக்கிறேன் என்கிறேன்.