ஒரு லிட்டர் வெந்நீர்

வில்மார் எச்செனிக் ஐந்து முறை சொன்னார்.
ஐந்தையும் தட்டச்சு செய்தவள் நான்.
ஃப்ராய் பெந்தோஸ் காவல் நிலையத்தில்
மின்விசிறிக்கு நேர்கீழே என் மேசை.
தாள்கள் பறக்காமலிருக்க
சாவி தொலைந்த ஒரு பூட்டை மேலே வைப்பேன்.

முதல் நாள்:
நசரேனோ நீலச் சட்டை போட்டிருந்தான்.
ஏழு வயது. முன்பல் ஒன்று இல்லை.
ஆற்றோரம், யூகலிப்டஸ் நிழல்,
என் கண்ணெதிரில்தான் இருந்தான்.
பத்து நிமிடம், அதற்கு மேல் போகாது.
நீந்துவான், நன்றாகவே நீந்துவான்.

மறுநாள் சட்டை பச்சை.
அன்று மாலையே பையனின் அம்மா வந்து
நீலத்தையும் பச்சையையும்
என் மேசைமேல் வைத்தாள்.
இரண்டும் துவைத்து மடித்தவை.
ஒரு வார்த்தை பேசவில்லை.
கோப்பில் இன்றுவரை
சட்டை: தெரியவில்லை.

மூன்றாம் முறை
கண்ணெதிர் என்பது
கூப்பிடு தூரமாயிற்று.
நான்காம் முறை
இந்தக் கோடையில்தான் நீச்சல் பழக்குவதாக இருந்தேன் என்றார்,
தலையில் கைவைத்தபடி.
இன்ஸ்பெக்டர் சிவப்புப் பென்சிலை என்னிடம் நீட்டினார்:
இடிக்கிற இடத்திலெல்லாம் கோடு போடு.

போட்டேன்.
சட்டைக்கு இரண்டு, ஆற்றுக்கு மூன்று.
பிளாஸ்க்குக்கு யாரும் கோடு போடச் சொல்லவில்லை.

இந்த ஊரில் பிளாஸ்க் இல்லாத கக்கத்தைப் பார்க்க முடியாது.
அது நிறைய வெந்நீர் இருந்ததாம், உட்காரும்போது.
பையன் போன பிறகு எழுந்தபோது
காலியாக இருந்ததாம்.
முதல் வாக்குமூலத்திலேயே இரண்டும் இருக்கின்றன,
பத்து நிமிடத்துக்கு முந்தின வரியிலும் பிந்தின வரியிலும்.

அன்றிரவு வீட்டில்
ஒரு லிட்டர் காய்ச்சி, பிளாஸ்க்கை நிரப்பி,
சுரைக்குடுக்கையில் மாத்தே இலையைக் கொட்டி
அடுப்பங்கரைக் கடிகாரத்தின் முன் உட்கார்ந்தேன்.
ஊற்றி, உறிஞ்சி, மறுபடி ஊற்றி,
நாக்கு கசந்து, வயிறு உப்பி,
கடைசிச் சொட்டு விழும்போது
ஒரு மணி பத்து நிமிடம்.
இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குடித்தால் பாதி.

தனியாக என்றுதான் சொல்லியிருந்தார்.
அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தாரா?
பார்த்தார் என்று சில நாள் தோன்றுகிறது.
சில நாள், இல்லை,
என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்
என்றும் தோன்றுகிறது.
என்னை யாரும் கேட்கவில்லை.
ஒரு மணி பத்து நிமிடத்தை
நான் யாரிடமும் சொல்லவில்லை.

கோடு விழாத வாக்கியம் ஒன்று இருந்தது.
முதல் முறையும் நான்காம் முறையும்
ஒரே இடத்தில், ஒரே மூச்சில்:
கூப்பிட்டேன்.
இதோ வர்றேம்ப்பா என்றான்.

ஐந்தாம் முறை, மார்ச் மாதம்.
ஆற்றில் தேடியவர்கள் படகுகளைக் கட்டிவிட்டிருந்தார்கள்.
வில்மார் தாடி வளர்த்திருந்தார், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.
அவர் அந்த இடத்தை நெருங்கும்போதே
என் விரல்கள் முந்திக்கொண்டு
இதோ வர்றேம்ப்பா என்றான்
என்று அடித்து, முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டன.
தலை நிமிர்ந்து காத்திருந்தேன்.

கூப்பிட்டேன் என்றார்.
மின்விசிறி சுற்றியது.
அவ்வளவுதான் என்றார்.

அழிரப்பர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.
கார்பனோடு மூன்று பிரதிகள்,
மூன்றிலும் அழிக்க வேண்டியிருக்கும்.
தாளை உருவி நீட்டினேன்.
படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
விரலால் ஓட்டிப் பார்த்தார்.
பரவாயில்லை, இந்த ஒரு வரியாவது
ஐந்திலும் ஒத்துப்போகிறது என்றார்.
பூட்டை எடுத்து மேலே வைத்தேன்.