வலது இருக்கை

அண்ணன் கப்பலில் கொண்டுவந்த வானுக்கு
ஸ்டியரிங் இடப்பக்கம்.
ஜேர்மன் நம்பர்த் தகடு, எச்.ஏ.எம். என்று தொடங்கும்.
ஒட்டுசுட்டான் பொடியள் அதை ஹம் வான் என்பார்கள்,
ஏதோ வண்டு முனகுகிற மாதிரி.

சாரதி இருக்கவேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.
முன்னால் பிடிக்க ஒன்றுமில்லை, ஒரு தட்டு மட்டும்.
அதில் என் கைப்பையும் பாதி தின்ற பணிசும்.
அவன் பக்கத்துக்குத் தெரிந்தது
கான்கரையும் மாடுகளும்தான்.
எதிரே வருவதைப் பார்த்துச் சொல்வது என் வேலை:
பொறு. பொறு. டிப்பர். அதுக்குப் பின்னால பஸ்.
ம், இப்ப போ.

கரிப்பட்டமுறிப்பில் மறித்த பொலிஸ்காரர்
நேரே என் ஜன்னலுக்கு வந்தார்.
"லைசன்."
கொடுத்தேன். என்னிடம் இருக்கிறது,
லாண்ட்மாஸ்டர் முதல் லொறி வரை ஓட்டலாம்.
படம் சரி, திகதி சரி.
பிறகு குனிந்து ஸ்டியரிங்கைத் தேடினார்.

அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன்
ஒரு கட்டுத் தாள் நீட்டினான்.
சர்வதேச அனுமதி, சுங்கக் கடிதம்,
கிழிக்கக் கிழிக்க வருகிற ஒரு புத்தகம்.
வான் ஆறு மாதம் நிற்கலாம்.
விற்கக் கூடாது, இரவல் கொடுக்கக் கூடாது,
உள்ளூரில் குடியிருப்பவர் ஓட்டக் கூடாது.
அது திரும்பிப் போகும் என்பதற்கு
ஹம்மில் ஒரு பெருந்தொகை கட்டிவிட்டு வந்திருக்கிறான்.
"பிணைக்காசு" என்றான்.

அந்தச் சொல்லை நான் கடைசியாய் எழுதினது
தொண்ணூற்றாறில்.
அவனுக்குப் பாஸ் எடுக்க ஆள்பிணை கேட்டார்கள்.
வைத்தியத்துக்குப் போகிறான், ஒரு மாதத்தில் வருவான் என்று
பத்தொன்பது வயதில் கையெழுத்து வைத்தேன்.
மாதம் முடிய வந்து கேட்டார்கள்.
பிறகும் வந்தார்கள்.
நான் என்ன சொன்னேன் என்று
கேதீஸ் இதுவரை கேட்டதில்லை.
அது வேறு கதை. வானுக்கு வருகிறேன்.

நாலாம் மாதம் கொழும்பிலிருந்து கடிதம்:
இரட்டைக் குடியுரிமை கிடைத்துவிட்டது.
படலையடியில் நின்று மூன்று தரம் வாசித்தான்.
கச்சான் காற்று பறிக்கப் பார்த்தது, விடவில்லை.

அடுத்த கிழமை கிளிநொச்சிக் கந்தோரில்,
வானுக்கு இன்னும் இரண்டு மாதம் கேட்கப் போனோம்.
யன்னலுக்கு உள்ளே இருந்த பிள்ளை
கடிதத்தையும் புத்தகத்தையும் பக்கம் பக்கமாய் வைத்துப் பார்த்தது.
"சேர் இப்ப இங்கத்தையாள்.
இங்கத்தையாள் இந்த வானை ஓட்ட ஏலாது."
"போன மாதம் ஓட்டினேனே?"
"போன மாதம் நீங்கள் வெளிநாட்டுக்காரர்."
சொல்லிவிட்டு அதுவே சிரித்தது,
பிறகு சிரித்தது பிழையோ என்று
முத்திரையை எடுத்து மையில் ஒற்றியது.

வெளியே வந்து அண்ணன் கதவைத் திறந்தான்.
ஒரு கால் உள்ளே வைத்தான்.
அப்படியே நின்றான்.
திறப்பை என்னிடம் நீட்டப்போய்
கையை இழுத்துக்கொண்டான்.
கந்தோர் வளவுக்குள் வேப்பமரத்தடியில்
வானை விட்டுவிட்டு
பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம்.

பத்து நாளில் ஞானச்செல்வத்தின் லொறி வந்தது.
மெசின்களை ஏற்றுகிற தட்டையான லொறி.
முதுகில் வைத்துச் சங்கிலியால் கட்டினார்கள்,
வேட்டையில் விழுந்த மரையைக் கட்டுவது போல.
துறைமுகம் வரை வாடகை
வானின் நாலு ரயரின் விலை.

வவுனியா பஸ்ஸில் நாங்கள் பின்னால் போனோம்,
அவன் இடப்பக்கம், யன்னலோரம். நான் வலப்பக்கம்.
கனகராயன்குளத்துக்குக் கிட்ட
பஸ் அந்த லொறியைப் பிடித்தது,
வெளியே விலத்தி முந்தப் பார்த்தது.
அண்ணனின் கால்
இல்லாத பிரேக்கை மிதித்தது.

வானின் பின்கண்ணாடியில் எங்கள் பஸ் தெரிந்தது.
தலையைத் திருப்பாமல் கேட்டான்:
"அண்டைக்கு வந்து கேட்டவைக்கு
என்னடி சொன்னனீ?"

எதிரே ஒரு டிப்பர்.

பொறு, என்றேன்.