நாலாம் நாள்

நாலு நாளைக்கு ஒருமுறை தொலைபேசி அடிக்கும்.
மதாம் கெனெல். குரலில் கோபம் துளியும் இராது.
"மிஸ்யூ, உங்கள் தாம்பூர் என் வாசற்படியில்."
வீட்டுச் செருப்போடு தெருவைக் கடப்பேன்.
பால்வண்டி போகிற தெரு.
வளைவில் ஒருவரும் வேகம் குறைக்காத தெரு.

வேலி என்று கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.
புல்லுக்குக் கீழே நாலு விரல் ஆழத்தில்
முந்நூறு மீற்றர் கம்பி.
கராஜில் ஒரு பெட்டி, அதில் இரண்டு பச்சை விளக்கு.
கழுத்தில் ஒரு பட்டி.
கம்பியை நெருங்கினால் கீச்சிடும்,
இன்னும் நெருங்கினால் கடிக்கும்.
நாயைக் கடிக்கிற பட்டி என்று
விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

முதலில் கம்பியைத்தான் சந்தேகித்தேன்.
அறுந்தால் பெட்டி கத்தும் என்கிறது கையேடு.
பெட்டி கத்தவில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை.
பழைய றேடியோவை மத்திய அலையின் அடிமுனைக்குத் திருப்பி
முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு
ஆப்பிள் மரங்களைச் சுற்றி நடந்தேன்.
இரைச்சல் கூடவே வந்தது,
ஓரிடத்தில் மட்டும் வாயடைத்துப்போனது:
கராஜ் வாசலில், போகிற கம்பியும் வருகிற கம்பியும்
ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட இடம்.
அங்கே அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.
முறுக்கினால் ஒன்று மற்றதை ஊமையாக்கிவிடும்.
சுகிர்தா யன்னலால் எட்டிப் பார்த்தாள்.
"இருபது வருசமா நாங்களும் அதுதானே."

பிறகு கழுத்துமயிர்.
ஆட்டுக்காரன் நாய்க்கு இருக்கிற அடர்த்தி.
முனைகள் தோலைத் தொடவில்லையோ என்று
நீளமான முனை வாங்கிப் பூட்டினேன்,
இரண்டு சல்லியளவு மயிர் கத்தரித்தேன்.
நோர்மண்டி மழையில் எதுவும் கறள் பிடிக்கும்,
அதையும் தேய்த்தேன்.
சோதனைக் குமிழ் மினுங்கியது.
போதாதென்று என் முன்கையில் கட்டிக்கொண்டு
நானே கோட்டுக்குப் போனேன். மூன்றாம் அளவு.
தேத்தண்ணிக் கோப்பை புல்லில்.
வாயில் வந்த சொல் மதாம் கெனெலுக்கு
நல்லவேளை விளங்கியிராது.
அன்றிரவே அளவை ஒன்றுக்கு இறக்கினேன்.

பற்றரி மூன்று மாதம் வரும் என்று அட்டையில் போட்டிருக்கு.
எங்களுக்கு நாலு நாள்.
புதுசு போட்டேன். நாலு நாள்.
வேறு கம்பனி, விலை இரட்டிப்பு. நாலு நாள்.

நேற்று, கார்த்திகைக் குளிர்,
ஒரு சாக்கை விரித்து அவன் பக்கத்தில் இருந்தேன்.
சின்னக் கொடிகளுக்கு ஒரு முழம் இப்பால்
முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்தான்.
கீச்.
இரண்டு விநாடி.
கீச்.
விலகவுமில்லை, முன்னேறவுமில்லை.
சத்தம் தொடங்குகிற இடத்துக்கும்
கடி தொடங்குகிற இடத்துக்கும் நடுவே
ஒரு நாய் அகலத்தை அளந்து வைத்திருக்கிறான்.
ஒவ்வொரு கீச்சிலும் பற்றரி ஒரு சொட்டு வடிகிறது.
சத்தம் ஓய்ந்தபின் எழுந்து நடந்தால் முடிந்தது.
நாலு நாள் வேலை,
சம்பளம் தெருவுக்கு அங்கால்.

ஏழு மணிக்கு மதாம் கெனெலின் கதவு திறந்தது.
கையில் ஒரு தட்டு, கமம்பேர் தோல்.
படியைத்தான் முதலில் பார்த்தா,
ஒரு நாயின் உயரத்துக்குக் குனிந்து.
பிறகு தட்டைப் படியிலேயே வைத்துவிட்டு
கதவைச் சாத்தாமல் உள்ளே போனா.

கையேட்டின் பதினெட்டாம் பக்கத்தில் அட்டவணை:
கோளாறு, காரணம், செய்ய வேண்டியது.
பொறுமையுள்ள நாய் ஆறு மொழியிலும் இல்லை.
கைபேசி வெளிச்சத்தில் பென்சிலால் ஒரு வரி சேர்த்தேன்.
கோளாறு: எண்ணத் தெரிந்த நாய்.
காரணம்: பாற்கட்டி.
அதை அடித்துவிட்டு, "கதவு" என்று எழுதினேன்.
மூன்றாவது கட்டத்தில் பென்சில் நின்றது.

கீச்.
அது இரண்டாம் நாள். சத்தத்தில் நல்ல பலம் இருந்தது.
அவன் வால் என் முழங்காலில் ஒருமுறை பட்டது.
வளைவில் பால்வண்டி, குறைக்காமல்.
இரண்டு பேரும் தலையைத் திருப்பினோம்.