வேலி வெட்டுகிறவன்

செப்டம்பர். கார்ன்வாலின் இந்தக் கரையில்
கடல்காற்று தோட்டம் வரை வந்து
இலைகளில் உப்புத் தடவிவிட்டுப் போகும்.
திருமதி ட்ரெவாஸ்கிஸ் வீட்டு ரோஜா வேலி.
மணிக்குப் பதினெட்டுப் பவுண்டு,
தேநீர் அவள் கணக்கு.

மின்கத்தரி ஓடத் தொடங்கினால்
எனக்கு எல்லாம் ஒன்றுதான்:
காய்ந்தது, பச்சை, சிலந்தி வலை,
யாரோ செருகிவிட்டுப் போன சிகரெட் அட்டை.

நாலாவது அடியில் ஒரு குச்சி
வெட்டுப்பட்ட பிறகு நடந்தது.

நிறுத்தினேன்.
என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம்.
இளந்தண்டின் பச்சை, இடையிடையே கணு.
ஆறில் நாலு கால் மிச்சம்.
நான் குனிந்ததும்
முன்னங்கால்களைத் தலைக்கு நேரே நீட்டி
மறுபடி குச்சியாகிவிட்டது.
காற்றுக்குக் காத்திருந்தது.
வந்ததும், காற்றளவே ஆடியது,
ஒரு மயிரிழை கூடவில்லை.

"இந்த ஊர்க்காரி இல்லை அவள்" என்றாள், தட்டோடு வந்தவள்.
நியூசிலாந்திலிருந்து யாரோ செடி வரவழைத்தார்களாம்,
தொட்டி மண்ணில் முட்டையும் கப்பலேறியதாம்.
"இங்கே ஆண் என்று ஒன்றைப் பார்த்ததேயில்லை, பெரன்.
தானே இடும், தானே பெருகும்."
சொல்லிவிட்டு, கார் இல்லாத ஷெட்டைப் பார்த்தாள்.
பிறகு சத்தமாகச் சிரித்தாள்.

கால் முளைக்குமா என்று கேட்டேன்.
குஞ்சென்றால் முளைக்கும். இது முதிர்ந்தது.

எத்தனை தலைமுறை ராபின்களின் கண்ணில்
மண்ணைத் தூவிய உடம்பு!
வேடத்தில் ஒரு பிழை இல்லை.
பறவை குச்சியைத் தின்னாது,
சரி.
நான் குச்சியைத்தானே வெட்டுகிறேன்.

இருபத்திரண்டு வருஷம்.
ஃபல்மத் தொடங்கி இந்த முனை வரை
எத்தனை வேலி, எத்தனை மூட்டை,
அதில் எத்தனை குச்சி குச்சியில்லை?

தார்ப்பாயை உதறப் போனேன். தடுத்தாள்.
மடிப்பில் மிளகைவிடச் சிறிதாய்ப் பழுப்பு மணிகள்.
விதையென்றுதான் இத்தனை காலமும்
கூட்டித் தள்ளியிருக்கிறேன்.
ஒரு தோட்டத்துக் குப்பையோடு அடுத்த தோட்டத்துக்கு
வேனில் ஏற்றிப் போயிருக்கிறேன்.
கப்பல் ஒரே ஒரு தடவைதான் வந்தது.
நான் திங்கள் முதல் சனி வரை.

கொன்றதைக் கணக்கில் வைப்பதா,
குடியேற்றியதையா?
தெரியவில்லை. தேநீர் ஆறிவிட்டது.

மிச்ச வேலியைக் கைக்கத்தரியால் வெட்டினேன்.
ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு,
பைத்தியக்காரன் போல, "நீ குச்சிதானே?" என்று கேட்டு.
பதில் சொல்லாததையெல்லாம் வெட்டலாமா
என்பதும் அப்போதுதான் சந்தேகமாயிற்று,
பதில் சொல்லாமலிருப்பதுதானே அதன் வித்தை.

ஏழு மணி நேரம் ஆனது. நாலு என்று எழுதினேன்.

நாலு காலுள்ளதை
வெட்டாத பக்கம் ஏற்றிவிட்டு
கோப்பையைக் கழுவி வைத்துத் திரும்பினேன்.
தேடினேன். விளக்கடித்தும் தேடினேன்.
வேலி இருந்தது.