இன்றைக்கும் ஜனவரி ஒன்று

மேலதிக நேரக் காசுக்குப் பதிலாக
முதலாளி தந்தது இந்தக் கொம்பியூட்டர்.
டொக்யார்ட் வீதிக் கடையில்
படகு எஞ்சின் உதிரிப்பாகங்களுக்கு
பில் அடித்துக் களைத்தது.
ஸ்பேஸ் பாரில் இன்னும் கிறீஸ் பிசுபிசுப்பு.
ஓட்டோவில் மடியில் வைத்து
உவர்மலை ஏற்றம் முழுக்க
ஒவ்வொரு குழிக்கும் அதன் தலையைப் பிடித்தபடி வந்தேன்.

டேற்றா மாதம் பதினைந்தோடு முடிந்துவிடும்.
அதற்குப் பிறகு வீட்டில் இருப்பது
மின்விசிறி, நுளம்பு,
இது.

விளையாட வேண்டும் எனக்கு.
முப்பத்தாறு வயதில் இதை யாரிடம் சொல்வது?
போன் கடை சிஹானிடம் சொன்னேன்.
"தம்பிக்கோ அக்கா?"
"எனக்கு."
அவன் சிரிக்கவில்லை. அதற்காகவே
அங்கே இன்னும் இரண்டு சார்ஜர் வாங்குவேன்.
"ரம் எவ்வளவு?"
"ஒரு ஜிபி."
நாடி பிடித்த வைத்தியர் மாதிரி
மேலே பார்த்தான்.

பென்ட்ரைவ் நிறைய அள்ளித் தந்தான்.
கார் ஓட்டம் தொண்ணூற்றேழு வீதத்தில் நின்று
ஏதோ ஒரு கோப்பு இல்லையாம் என்றது.
கால்பந்து ஓடியது; ஒரு உதைக்கும் மறு உதைக்கும் இடையில்
தேத்தண்ணி ஊற்றிவிட்டு வரலாம்.
காட்டுக்குள் துவக்கோடு அலைவது
நன்றாகவே வேலை செய்தது.
நான்தான் செய்யவில்லை.
மரத்துக்குப் பின்னால் ஒருவன் அசைந்ததும்
கை தானாக சுவிட்சுக்குப் போனது,
சுவரில் உள்ள சுவிட்சுக்கு.
அழித்தேன்.
மிட்டாய் அடுக்குவது இன்ரநெற் கேட்டது.
இன்ரநெற் இருந்தால் உன்னிடம் ஏனடி வருகிறேன்?

நல்ல விளையாட்டு எதுவென்று அப்போதுதான் யோசித்தேன்:
என்னைப் பற்றி எதுவும் கேட்காதது.
கரண்ட் போனால் கோபிக்காதது.
தோற்றவளை முகம் காட்டாமல்
திரும்பவும் முதலிலிருந்து விடுவது.

மூன்றாம் கிழமை, இடம் போதவில்லையென்று
பழைய பில்களை அழிக்கப் போனேன்.
'திரும்பி வந்த வோட்டர் பம்ப்' என்றொரு ஃபோல்டர்.
உள்ளே பம்ப் இல்லை.
நாலே நாலு எம்பியில் ஒரு துறைமுகம்.
கப்பல்கள் வரும்;
ஒன்றோடொன்று முட்டாமல்
கரைக்குக் கோடு கீறி விட வேண்டும். அவ்வளவுதான்.
கடல்கூட சரியான நீலமில்லை,
சவர்க்காரப் பெட்டி நீலம்.
விடிய மூன்று மணி வரைக்கும் இருந்தேன்.

புள்ளிப் பட்டியலில் பத்து இடம்.
பத்திலும் ஒரே பெயர், மூன்றே ஆங்கில எழுத்து:
பீ, ஈ, என்.

"பெனடிக்ற்," என்றார் முதலாளி, நிமிராமல்.
"உனக்கு முன்னம் அந்தக் கதிரையில இருந்தவன்.
ஒரு பில்லிலயும் பிழை விடான்.
பின்னேரத்தில மட்டும் கூப்பிட்டாக் கேக்காது."
இப்ப எங்கே?
"ஆருக்குத் தெரியும். அந்தக் கஸ்கற்
எத்தினை கிடக்கெண்டு பார்."

எந்தக் காலத்தில் விளையாடினான் என்று பார்க்கலாமென்றால்
பெட்டிக்குள் இருக்கும் பொத்தான் பற்றரி
செத்துப் பலகாலம்.
ஒவ்வொரு முறை கண் விழிக்கும்போதும் இதற்கு
இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி ஒன்று.
போர்நிறுத்தம் இன்னும் வரவில்லை.
அலை இன்னும் வரவில்லை.
கடற்கரைப் பக்கம் எங்கள் முதல் வீட்டுக்கு
ஓடு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.
அவனுடைய பத்து வெற்றியும் அன்றைக்குத்தான்.

நூற்றைம்பது ரூபாவுக்கு பற்றரி மாற்றித் தருவானாம் சிஹான்.
பார்ப்போம் என்றிருக்கிறேன்.

நேற்றிரவு கேற்றை உரசிக்கொண்டு
புள்ளிமான் ஒன்று, குப்பை வாளியைத் தேடி.
எழுந்து துரத்தவில்லை;
நாலு கப்பல் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.
எதுவும் முட்டவில்லை.
பத்தாம் இடத்தில் என் மூன்று எழுத்து ஏறியது.
திகதி பார்த்தேன். அதே நாள்.

இனி ஒன்பது பேரைத் தாண்ட வேண்டும்.
ஒன்பதும் அவன்.